நாற்பது வீடும் ஒரே கோடும்

மார்ச் 4, திங்கள்

இன்று மாலை இருட்டிய பிறகும் எங்கள் கட்டடம் மத்தியான வெயிலில்தான் ஓடியது. நாற்பது வீட்டு விளக்கு, மின்விசிறி, பாதி வீடுகளின் ஏ.சி., இரண்டு லிஃப்ட் — எல்லாமே மொட்டை மாடித் தகடுகள் பகலில் பிடித்து, அடித்தளத்து பேட்டரிகளில் சேர்த்து வைத்த வெயில். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் கோடு திரையில் மெல்ல இறங்கி இறங்கித் தரையைத் தொட்டதும், கார் நிறுத்துமிடத்தில் தன்னந்தனியாக நின்று கைதட்டினேன். காவலாளி எட்டிப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு வேலைக்கு வந்தவள் கைதட்டாமல் வேறென்ன செய்வாள்?

கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள்தான் இப்போது என் முதலாளி. அப்போதே அவள் பேசுகிற வேகத்துக்கு 'ஸ்பீடு' என்று பெயர் வைத்திருந்தோம். கட்டடங்களின் மின்சாரத்தை நிர்வகித்துத் தரும் நிறுவனம், மொத்தமே ஒன்பது பேர். வாடிக்கையாளர் எதிரில் என்னை 'மேடம்' என்பாள், அவர்கள் போனதும் 'அக்கா'. முதல் சோதனைக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்று அவள் அலைந்தபோது, நான் குடியிருக்கும் கட்டடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டேன். கோடை முடியும்வரை சோதனை. சரியாக வந்தால் எனக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் நாற்பது வீட்டுக்காரர் முகத்திலும் தினம் லிஃப்டில் விழிக்க வேண்டும்.

"வேற எங்கயாவது சொதப்பினா வீட்டுக்கு வந்து ஒளிஞ்சுக்கலாம். நீ வீட்டையே மாட்டி விட்டிருக்க" என்கிறார் இவர். பஸ் நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர். எதற்கும் மாற்று வழி இருக்க வேண்டும் அவருக்கு.

மார்ச் 7

டிசம்பரிலேயே ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி வைத்துவிட்டோம். வெளியே மின்சாரம் தட்டுப்பாடாகும் நேரத்தில் ஹீட்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் கார் சார்ஜரையும் சற்றே தள்ளிப் போடும், தாராளமாக இருக்கும்போது ஓட விடும். ஆள் உணரக்கூட மாட்டார். எந்த வீட்டில் எது எப்போது ஓடுகிறது என்று அந்தப் பெட்டி எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி வைப்பேன்.

இந்தக் கோடுகள் மீது எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. ஃபிரிட்ஜ் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். மின் அடுப்பு சுவர் மாதிரி நேராக எழும்பும். துவைக்கும் இயந்திரம் முதலில் ஒரு குன்று, பிறகு கடைசியில் ஒரு நடுக்கம். பெயரை மறைத்துவிட்டு வெறும் கோட்டைக் காட்டினால் இது இன்னார் வீடு என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் மாடிப் புதுமணத் தம்பதி ஞாயிறன்று எழுந்திருக்கவே மதியமாகிறது. சங்கத் தலைவர் — மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் — கூட்டத்தில் சிக்கனம் பற்றி முழங்கிவிட்டு, வீட்டில் ஆளில்லாதபோதும் ஏ.சி.யை அணைப்பதில்லை. சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

தூங்க முடியவில்லை. எழுதினால் தூக்கம் வருமோ என்று எழுதுகிறேன்.

காலையில் சும்மாதான் திரையைத் திறந்தேன். விடுமுறை நாளில் சுமை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். ஐந்தாம் மாடி பல் டாக்டர் வீட்டில் அடுப்புச் சுவர் எழும்பி நின்றது. எழும்பியது இறங்கவே இல்லை. அந்தம்மா தனியாக இருக்கிறார். காலையில் அவர் வீட்டில் கெட்டில் ஒரு முள் மாதிரி ஏறி இறங்கும், பிறகு கொஞ்ச நேரம் அடுப்பு, பிறகு ஹீட்டர். இன்று அடுப்பு மட்டும். முழு வேகத்தில். அரை மணிக்கும் மேலாக.

இன்டர்காமில் அழைத்தேன். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன் — ஆனால் ஹீட்டர் ஓடவில்லையே. இவரைக் கூப்பிட்டேன், காவலாளியிடம் மாற்றுச் சாவி இருந்தது, மூன்று பேரும் ஓடினோம். கதவைத் திறந்ததும் புகை. பாத்திரம் கருகி அடி பிடித்துச் சிவந்து கிடந்தது. அவர் அடுப்புக்குக் கீழே தரையில். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

இவர் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். என்ன பேசினேன், தெரியல. மாடி எண்ணைத் தப்பாச் சொல்லிட்டேன்னு இவர் அப்புறம் சொன்னார். நல்லவேளை காவலாளி வாசல்ல நின்னு வழி காட்டினார்.

மார்ச் 11

பிழைத்துவிட்டார். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

மார்ச் 13

இரண்டு நாளாக என் கால் தரையில் படவில்லை. லிஃப்டில் ஏறினால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். காவலாளி என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். மகள் வகுப்பில் போய் 'எங்கம்மா கோட்டைப் பார்த்தே ஆளைக் காப்பாத்துவாங்க' என்று சொல்லியிருக்கிறாள். ஏதோ ஜோசியக்காரி என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும்.

ஸ்பீடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அதற்குள் விளம்பரத் தட்டி தயார். நான் திரை முன்னால் நிற்கிற படம், அதன் மேல் 'உயிர் காத்த மீட்டர்'. எந்தக் கட்டடத்துக்காரரும் இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது அக்கா, ஒவ்வொரு வீட்டுத் தகவலும் தங்கம் அக்கா என்று மூச்சு விடாமல் பேசினாள். எனக்கும் தலை சுற்றியது. சந்தோஷத்தில்தான்.

படத்தில் என் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. அது ஒன்றுதான் குறை.

மார்ச் 16, சனி

லிஃப்டில் இன்று பேச்சு சட்டென்று நின்றது. நான் ஏறியதால்.

இரண்டாம் மாடிப் புதுப்பெண்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "அக்கா, டாக்டரம்மா குளிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹீட்டர் ஓடவில்லை என்று விளக்கினேன். எவ்வளவு ஆர்வமாக விளக்கினேன் தெரியுமா, முட்டாள் மாதிரி. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "அப்போ நாங்க குளிக்கிறதும் தெரியுமா?"

லிஃப்ட் அவள் மாடியில் நின்றது. பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள்.

மாலையில் ஏழு வீட்டுக்காரர்கள் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். தலைவர் மாதக் கடைசி ஞாயிறன்று கூட்டம் போட்டிருக்கிறார். "நீங்க நல்ல பொண்ணு, தப்பா எதுவும் பண்ண மாட்டீங்க. ஆனா நாளைக்கு உங்க இடத்துல யார் உட்காருவாங்க?" என்று கேட்டார். ஏ.சி.யை அணைக்காதவர்தான் கேட்கிறார் என்று மனசு உடனே சொன்னது. சொன்ன மறு நொடியே எனக்கு உறைத்தது. அது எனக்குத் தெரிந்திருக்கவே கூடாத விஷயம்.

மார்ச் 19

பல் டாக்டர் வீடு திரும்பிவிட்டார். வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கட்டடத்தில் எல்லாருக்குமே அவரிடம் கொஞ்சம் பயம். வணக்கம் சொன்னால்கூட நம் பல்லைத்தான் பார்ப்பார். இருந்தாலும் இன்று எனக்கு வேறு நினைப்பு. அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார், நானும் அழுவேன் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன்.

நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"உயிரைக் காப்பாத்தினீங்க. அதுக்கு நன்றி, மனசார சொல்றேன். இப்போ ஒண்ணு கேக்கிறேன். அன்னிக்கு மட்டும்தான் பார்த்தீங்களா, தினமும் பார்க்கிறீங்களா?"

தினமும் என்றேன்.

"என்ன பார்த்தீங்களோ அதை எனக்குக் காட்டுங்க."

மடிக்கணினியைத் திறந்து அவர் வீட்டுக் கோடுகளைக் காட்டினேன். மூன்று மாதம். எக்ஸ்ரே பார்க்கிற கண். ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நாளும் விடியலுக்கு வெகு முன்னால் எழும்பியிருந்த சின்ன முள்ளில் விரலை வைத்தார். இது என்ன என்று கேட்டார். கெட்டில், டீ போட்டிருப்பீர்கள் என்றேன்.

விரலை எடுத்துக்கொண்டார்.

"அவர் போனதிலேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது. என் தங்கச்சிக்கே அது தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சொல்லாமலே."

மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கூட்டத்துக்கு வருவதாகவும், பெட்டி வேண்டாம் என்றுதான் கை தூக்கப் போவதாகவும் சொன்னார். பிறகு கதவு வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 20

இன்று திரையைத் திறக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

கிடைச்சாச்சு. கிடைச்சாச்சு. கிடைச்சாச்சு.

மெதுவாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே புரியாது.

காலையில் பள்ளிக்கூட நேரம். லிஃப்டில் நான், மகள், அவளுடைய பை, மூன்றாம் மாடிக் குடும்பம் முழுவதும், தலைவர், அவர் கையில் கண்ணாடிப் பெட்டிகள். மணி அடித்தது. சுமை அதிகம். கதவு மூட மறுக்கிறது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யார் காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைவர் தாமாகவே இறங்கிக்கொண்டார். மணி நின்றது.

நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். மகள் 'அம்மா, நேரமாச்சு' என்று இழுக்கிறாள், நான் வாய் பிளந்து லிஃப்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்த லிஃப்டுக்கு எங்கள் மொத்த எடை தெரியும். யார் எவ்வளவு என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதன் வேலைக்கு மொத்தம் போதும்.

என் வேலைக்கும் மொத்தம் போதுமே. வெளி மின்சாரத்திலிருந்து இந்தக் கட்டடம் எவ்வளவு எடுக்கிறது — அவ்வளவுதானே கேள்வி. எதற்கு நாற்பது வீட்டு அடுப்படியிலும் எட்டிப் பார்த்தேன்? பார்க்க முடிந்தது, அதனால் பார்த்தேன். வேறு காரணமே இல்லை.

முடிவெடுக்கிறதை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடலாம். நான் கீழேயிருந்து எல்லாருக்கும் ஒரே சேதி அனுப்புவேன்: தாராளம், அளவாக, தட்டுப்பாடு. ஹீட்டரைத் தள்ளு, ஏ.சி.யைத் தொடாதே என்று வீட்டுக்காரர் தம் பெட்டிக்கே சொல்லி வைப்பார். பெட்டி அதன்படி நடக்கும். எனக்கு மொத்தம் மட்டும் வரும். அந்தக் கணக்குக் கூட்டும் வழியில்கூட எந்த வீட்டுத் தொகையும் தனியாகத் தெரியக் கூடாது. அது எப்படி? அதுதான் பாக்கி.

மகளுக்கு இன்று பள்ளியில் தாமதச் சீட்டு. என்னால்.

மார்ச் 23

நாத்தனார் வந்திருந்தார். அவருடைய எடையைக் கேட்டால் வீட்டை விட்டே போய்விடுவார், அதனால் அவரையே சோதனைக்கு வைத்துக்கொண்டேன்.

மேசையைச் சுற்றி நாலு பேர். முதலில் நான் மனசுக்குள் ஏதோ ஒரு பெரிய எண்ணை நினைத்து, அதோடு என் எடையைக் கூட்டி, வந்ததை இவர் காதில் சொன்னேன். இவர் தன்னுடையதைக் கூட்டி மகள் காதில் சொன்னார். மகள் தன்னுடையதைக் கூட்டி நாத்தனார் காதில். நாத்தனார் கண்ணை மூடிக் கூட்டி என் காதில் சொன்னார். நான் முதலில் நினைத்த எண்ணைக் கழித்தேன். நாலு பேர் மொத்த எடை. கச்சிதம். யாருடைய எடையும் யாருக்கும் தெரியாது.

நாத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அப்போ நான் எவ்வளவுன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். "அப்படின்னா நல்ல திட்டம்" என்றார்.

பெட்டிகளும் இதையே செய்யட்டும். முதலில் நினைக்கிற அந்த எண்ணைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே.

மார்ச் 26

ஸ்பீடோடு சண்டை. முதல் தடவையாக.

ஒவ்வொரு வீட்டுத் தகவலையும் காட்டித்தான் பெரிய கட்டடங்களைப் பிடிக்க முடியும், நீ தங்கத்தைக் குப்பையில் கொட்டச் சொல்கிறாய் என்கிறாள். தட்டி அச்சாகி வந்துவிட்டது. ஐந்தாம் மாடிக்காரர் உயிரோடு இருப்பதே நான் எட்டிப் பார்த்ததால்தானே என்றாள். நேற்று முழுவதும் நானும் அதையேதான் யோசித்தேன்.

கடைசியில் சொன்னேன். "அவங்க உயிரைக் காப்பாத்தினதைப் பத்தித்தான் தட்டி. அவங்ககிட்ட கேட்டியா, மாட்டலாமான்னு?"

கேட்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு, கூட்டத்தில் வீடுகள் போய்விட்டால் சோதனையே போய்விடும், அதனால் சம்மதிக்கிறேன், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு உன்னால் சுமையைக் குறைத்துக் காட்ட முடியாவிட்டால் இரண்டு பேருமே தெருவில்தான் என்றாள். வெளியே வரும்போது கவனித்தேன், தட்டிகளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

மார்ச் 31, ஞாயிறு

கூட்டம். பொது அறையில் நாற்காலி போதவில்லை, ஜன்னல் விளிம்பில் எல்லாம் ஆட்கள்.

முதலில் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் சுவரில் பெரிதாகக் காட்டி, எல்லார் கண் முன்னாலும் அழித்தேன். மூன்று மாதக் கோடுகள். நான் ஆசை ஆசையாகப் படித்த கோடுகள். திரை வெறுமையானபோது ஒரு கோட்டையாவது வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு லிஃப்ட் கதையையும், மொத்தத்தை மட்டும் சொல்லப்போகும் புதுப் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். தலைவர் தான் இறங்கியதாலேயே மணி நின்றது என்பதைப் பதிவு செய்யக் கூடாது என்றார், இன்னும் சிரித்தார்கள்.

பல் டாக்டர் பின்வரிசையில் எழுந்ததும் அறை அடங்கியது.

"என் வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிறதை நீங்க நினைச்சா பார்க்க முடியுமா?"

"முடியாதுங்க. உங்க கைபேசி மட்டும்தான் திறக்கும்."

"அப்போ அடுத்த தடவை நான் விழுந்தா?"

ஸ்பீடு என்னையே பார்த்தாள்.

"அடுப்பு அணையாம ஓடினா பெட்டிக்குத் தெரியும். யாருக்குச் சொல்லணும்னு நீங்க பேர் குடுத்தா, அவங்களுக்குச் சொல்லும். யாருக்கும் வேண்டாம்னு நீங்க சொன்னா, யாருக்கும் சொல்லாது. உங்ககிட்ட மட்டும் சத்தம் போடும்."

யோசித்தார்.

"இப்போதைக்கு யார் பேரும் வேண்டாம். ஆனா என் வீட்டைச் சேர்த்துக்குங்க."

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். விலகிப் போன ஏழு வீட்டில் ஆறு வீடு அங்கேயே திரும்பி வந்தது. ஏழாவது புதுப்பெண். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பத்தடி போனதும் திரும்பி வந்து, "அவரை எதுக்குக் கேக்கணும், சேர்த்துக்குங்க அக்கா" என்றாள்.

ஏப்ரல் 9

சர்வ நாசம்.

புதுப் பெட்டிகளுக்கு முதல் ஒத்திகை. 'தட்டுப்பாடு' என்று சேதி அனுப்பினேன். மொத்தக் கோடு அழகாக இறங்கியது. ஸ்பீடு என் தோளில் குத்தினாள். பிறகு 'தாராளம்' என்று அனுப்பினேன். அனுப்பிய அந்தக் கணமே நாற்பது வீட்டு ஹீட்டரும் ஏ.சி.யும் சார்ஜரும் ஒன்றாக விழித்துக்கொண்டன. கோடு மேலே பாய்ந்து — டமார். மெயின் விழுந்தது. கட்டடமே செத்தது.

முன்பெல்லாம் நான் ஒவ்வொன்றாக எழுப்பிவிடுவேன். இப்போது எதையும் பார்க்க முடியாது, எதையும் தனியாகத் தொட முடியாது. இதை எப்படி மறந்தேன்?

தலைவர் லிஃப்டுக்குள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். கதவிடுக்கில் குனிந்து, கொஞ்ச நேரம்தான் சார் என்றேன். "இப்போ உங்களுக்கு என் மொத்தம் மட்டும்தான் தெரியும், இல்லையா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெயினைத் திரும்பத் தூக்கிய பிறகுதான் லிஃப்ட் நகர்ந்தது. அவர் வெளியே வந்து, மாடிப்படியில் நடந்து போனார்.

ஸ்பீடு மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 10

சாப்பிடும்போது இவரிடம் கொட்டித் தீர்த்தேன். மென்றுகொண்டே கேட்டார். "காலையில முதல் டிரிப்புக்கு எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்துல டெப்போவிலேர்ந்து விட்டா என்ன ஆகும்?"

"வாசல்லயே முட்டிக்கும்."

"அதான்."

நீங்கள் அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக விடுகிறீர்கள், என்னால் அது முடியாதே, எந்த வீட்டையும் பார்க்க முடியாதே என்றேன். அட்டவணை இல்லாவிட்டால் ஓட்டுநர்களே சீட்டுக் குலுக்கிக்கொள்வார்கள், யாருக்கு எது வந்தது என்று எனக்கெதற்கு என்றார். பிறகு சோறு கேட்டார்.

ஒவ்வொரு பெட்டியும் தனக்குத்தானே ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளட்டும். ஒன்று உடனே விழிக்கட்டும், ஒன்று கொஞ்சம் பொறுத்து, ஒன்று இன்னும் பொறுத்து. நாற்பதும் ஒரே சீட்டை எடுக்கப் போவதில்லை. இவ்வளவு சுலபமா? பன்னிரண்டு வருடமாக இந்த மனிதரைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 16

இறங்கியது. ஏறியது. முட்டவில்லை. கோடு சாய்வான மலைப்பாதை மாதிரி நிதானமாக ஏறியது. தலைவர் எச்சரிக்கையாக மாடிப்படியில்தான் வந்தார், நிஜம்.

ஏப்ரல் 24, புதன்

இன்று ஒத்திகை இல்லை. நிஜம்.

நாலு நாளாக வெயில் ஆளை உரிக்கிறது. சுவரைத் தொட்டால் சுடுகிறது. மதியம் மின் விநியோக அலுவலகத்திலிருந்து சேதி: மாலை உச்ச நேரத்தில் இந்தப் பகுதிக்கே போதாது, ஒவ்வொரு கட்டடமும் தன் பங்கைக் குறைக்க வேண்டும், குறையாவிட்டால் தெருத் தெருவாகத் துண்டிப்பார்கள். எங்கள் பங்கு: வழக்கத்தில் மூன்றில் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டும்.

ஸ்பீடு ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரே ஒரு கோடு. ஒரு மாதம் முன்பு நாற்பது கோடுகள் நெளிந்த இடம். பேட்டரிகள் நிறைந்திருந்தன, ஆனால் இந்தப் புழுக்கத்தில் அவை மட்டும் போதாது என்று இருவருக்கும் தெரியும். மீதி வீடுகளின் கையில். வீடுகளை எங்களால் பார்க்க முடியாது.

நேரம் வந்தது. 'தட்டுப்பாடு' என்று அனுப்பினேன்.

கோடு அசையவில்லை. ஸ்பீடு நகத்தைக் கடித்தாள். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு கோட்டிடம் இவ்வளவு கெஞ்சியதில்லை. பிறகு மெல்லத் தலை குனிந்தது. இறங்கியது. பேட்டரிகள் கைகொடுத்தன, இன்னும் இறங்கியது. எங்கள் பங்கை எட்டியது. அங்கே நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. அதற்கும் கீழே போனது. பெட்டிகள் செய்யக்கூடியதற்கும் கீழே. அப்படியென்றால் ஆட்கள். பெட்டியில் 'தட்டுப்பாடு' என்று பார்த்துவிட்டு யாரோ எழுந்து போய் விளக்கை அணைக்கிறார்கள், யாரோ ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறக்கிறார்கள். யாரும் சொல்லாமல். யாருக்கும் தெரியாது என்று தெரிந்தே.

"யாரு அக்கா? எந்த வீடு?" என்றாள் ஸ்பீடு.

"தெரியாது."

"சும்மா ஒரு ஊகம்?"

"தெரியாதுடி. நிஜமாவே தெரியாது."

எங்கள் தெருவில் மின்சாரம் நிற்கவே இல்லை. மேலே போனபோது வராந்தாவெல்லாம் கதவுகள் திறந்து கிடந்தன. பாதி இருட்டில் ஆட்கள் வாசலில் விசிறிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு விளக்குதான். இவரும் மகளும் அதன் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வழக்கத்துக்கு விரோதமாக யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

ஏப்ரல் 25

ஸ்பீடு தட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டாள். என் பெரிய மூக்கும் போயிற்று. நல்லது.

மே 14, செவ்வாய்

புதுக் கட்டடத்தில் இரண்டாம் நாள். பதினெட்டு மாடி, எல்லாம் அலுவலகங்கள். நிர்வாகி முதல் கேள்வியாகக் கேட்டது, எந்தத் தளத்தில் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று எனக்குத் தனித்தனியாகக் காட்டுவீர்களா என்று. நான் வாயெடுப்பதற்குள் ஸ்பீடு, "மொத்தம் மட்டும்தான் சார். அதுதான் எங்க சரக்கு" என்றாள், பல வருடமாக அதையே விற்றுக்கொண்டிருப்பவள் மாதிரி.

மதியம் மீட்டர் அறையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. எங்கள் வீட்டுக் கட்டடப் பெட்டி ஒன்றிலிருந்து சேதி. 'ஐந்தாம் மாடி. அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவராக உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. சம்மதமா?'

ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, 'ஆம்' என்று அழுத்தினேன்.

மாலையில் மகளோடு லிஃப்டில் ஏறியபோது பல் டாக்டர் நின்றிருந்தார். மகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கடைவாயில் ஒன்று சொத்தை, சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீயும் வா, உனக்கும் பார்க்கணும் என்றார். இதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.